முப்பரிமாண வடிவங்களின் வலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலை வரையும் மாணவர்களும், அவர்களுக்குச் சொல்லித்தரும் பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ஓர் அட்டையும் கத்தரிக்கோலும் பக்கத்தில் இருக்கட்டும். படிக்கும்போது புரியாதது மடித்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

1. வலை என்றால் சரியாக என்ன? ஆறு சதுரங்களை வெட்டி அடுக்கி வைத்தால் அதுவும் கனச்சதுரத்தின் வலைதானே?

இல்லை. ஒரு திண்ம உருவத்தின் மேற்பரப்பைச் சில விளிம்புகளில் வெட்டி, துண்டு துண்டாகப் போகாமல் மேசைமேல் விரித்தால் கிடைக்கும் தட்டை வடிவம்தான் வலை. அது ஒரே துண்டாக இருக்கவேண்டும். விரித்த நிலையில் ஒரு முகம் இன்னொன்றின்மேல் ஏறக்கூடாது. திரும்ப மடித்தால் இடைவெளி விடாமல், எந்த முகமும் இரட்டிக்காமல் மூடவேண்டும்.

இன்னொன்றை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டிய ஒவ்வொரு விளிம்பும் வலையின் ஓரத்தில் இரண்டு முறை வரும். மடிக்கும்போது அந்த இரண்டும் மறுபடி சேரும். இவற்றை ஜோடி விளிம்புகள் என்று சொல்வோம். ஜோடிகள் இரண்டும் ஒரே நீளத்தில் இருந்தாகவேண்டும். வலை வரைவதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியை மறப்பதால் வருபவை. கீழே பல பதில்களில் இதற்கே திரும்பி வருவோம்.

2. வரைய என்னென்ன வேண்டும்? சாதாரணத் தாள் போதுமா?

வரைந்து பழகத் தாள் போதும். நிற்கும் உருவம் வேண்டுமானால் 160 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை, கிராமில்) வரையிலான அட்டை நல்லது. அளவுகோல், கவராயம், பாகைமானி, மூலைமட்டம், கூர்மையான பென்சில் ஆகியவை தேவை. வெட்டுக்கோட்டை முழுக்கோடாகவும் மடிப்புக்கோட்டைப் புள்ளிக்கோடாகவும் வரையுங்கள். இரண்டையும் ஒரே மாதிரி வரைந்துவிட்டு மடிக்கவேண்டிய இடத்தில் வெட்டிவிடுவது அடிக்கடி நடக்கும்.

மடிப்பதற்கு முன், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அளவுகோலை ஒட்டி மடிப்புக்கோட்டை அழுத்தி ஒருமுறை இழுங்கள். அட்டையில் ஒரு பள்ளக்கோடு விழும். அது இல்லாமல் மடித்தால் மடிப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகும். நான்கு மடிப்புகள் தாண்டுவதற்குள் விலகல் சேர்ந்து, கடைசி முகம் பொருந்தாமல் போகும்.

3. கனச்சதுரத்துக்குச் சிலுவை மாதிரி ஒரு வலைதான் தெரியும். வேறு உண்டா?

சிலுவையோடு சேர்த்து மொத்தம் 11. திருப்பிப் போட்டோ, கவிழ்த்துப் போட்டோ பொருந்துபவற்றை ஒன்றாக எண்ணினால் கிடைக்கும் எண்ணிக்கை இது. நான்கு சதுரங்கள் ஒரே வரிசையில் நின்று, வரிசைக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் ஒட்டியிருப்பவை 6. மேலே உள்ளதும் கீழே உள்ளதும் வரிசையின் எந்தச் சதுரத்தோடு வேண்டுமானாலும் ஒட்டலாம். நடுவில் மூன்று, ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று அமைபவை 3. இரண்டிரண்டாகப் படிக்கட்டு போல இறங்குவது 1. மும்மூன்றாக இரண்டு படியில் நிற்பது 1.

ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டி 35 வடிவங்கள் அமைக்கலாம். அவற்றில் 24 கனச்சதுரமாக மடியாது. மேல்மூடி இல்லாத பெட்டிக்கு ஐந்து சதுரங்கள் போதும், அதற்கு 8 வலைகள் உண்டு.

4. ஒரு படத்தைப் பார்த்ததும் அது கனச்சதுரமாக மடியுமா என்று எப்படிச் சொல்வது?

மடியாதவற்றைக் கழிப்பது எளிது. ஐந்தோ ஆறோ சதுரங்கள் நேர்வரிசையில் நின்றால் மடியாது. நான்கு முகங்களிலேயே சுற்று முடிந்துவிடும், ஐந்தாவது முதல் முகத்தின்மேல் போய் விழும். நான்கு சதுரங்கள் ஒரு புள்ளியைச் சுற்றி இரண்டுக்கு இரண்டாக நின்றாலும் மடியாது. கனச்சதுரத்தின் ஒரு முனையில் மூன்று முகங்கள்தான் சேரும். நான்கு செங்கோணங்கள் சேர்ந்தால் 360 பாகை நிரம்பி, மடிக்க இடமே இருக்காது.

மூன்று அல்லது நான்கு சதுர வரிசையின் ஒரே பக்கத்தில் இரண்டு சதுரங்கள் நேராக ஒட்டியிருந்தாலும் மடியாது. இரண்டும் ஒரே இடத்தைப் பிடிக்கப் போட்டியிடும். சந்தேகம் இருந்தால் அடுத்த பதிலில் உள்ளபடி எதிர்முகங்களைக் குறியுங்கள். ஒரு சதுரத்துக்கு இரண்டு எதிர்முகங்கள் வந்தால் அது வலை அல்ல.

5. எதிரெதிர் முகங்களை மடிக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நேர்வரிசையில் ஒன்று விட்டு ஒன்று எதிர்முகம்: முதலாவதும் மூன்றாவதும், இரண்டாவதும் நான்காவதும். வரிசை நேராக இல்லாமல் படிபோல ஒடிந்தால், ஒரு சதுரம் பக்கவாட்டில், பிறகு ஒன்று நேர் கீழே, பிறகு மறுபடி அதே திசையில் பக்கவாட்டில் என்று போகும் நான்கு சதுரங்களைப் பாருங்கள். அவற்றின் இரு நுனிச் சதுரங்களும் எதிர்முகங்கள்.

படிக்கட்டு வலையில் சோதித்துப் பாருங்கள். மேலிருந்து வரிசையாக 1, 2 முதல் படி. 2-க்கு நேர் கீழே 3, அதன் வலப்பக்கம் 4. 4-க்கு நேர் கீழே 5, அதன் வலப்பக்கம் 6 என்று எழுதுங்கள். 3-ஐத் தரையாக வைத்தால் 2 வடக்குச் சுவர், 4 கிழக்குச் சுவர். 2-இன் இடது ஓரத்தில் தொங்கும் 1 மேற்குச் சுவராகும். ஆக 1-க்கு எதிர் 4, 2-க்கு எதிர் 5, 3-க்கு எதிர் 6. பகடை செய்கிறீர்கள் என்றால் இந்த ஜோடிகளின் கூடுதல் 7 வரும்படி புள்ளிகளை வையுங்கள்.

6. கனச்செவ்வகத்துக்கும் அதே 11 வலைகள்தானே?

உருவம் அதே 11 வகைதான். ஆனால் முகங்களின் அளவு வேறுபடுவதால், எந்த முகம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து வலைகள் பெருகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் வெவ்வேறாக இருந்தால் மொத்தம் 54.

5, 4, 3 செ.மீ. கொண்ட பெட்டிக்கு ஒரு வலை வரைவோம். 5 செ.மீ. உயரமுள்ள நான்கு செவ்வகங்களை 4, 3, 4, 3 என்ற அகலங்களில் வரிசையாக ஒட்டுங்கள். பட்டையின் அகலம் 14 செ.மீ. 4 செ.மீ. அகலச் செவ்வகம் ஒன்றின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் 4 × 3 செவ்வகத்தை ஒட்டினால் வலை முடிந்தது. வழக்கமான தவறு, அகலங்களை 4, 4, 3, 3 என்று வரிசைப்படுத்துவது. எதிர்முகங்கள் ஒன்று விட்டு ஒன்று வரவேண்டும் என்பதை மறந்தால் இப்படி ஆகும், பெட்டி மூடாது.

7. ஒட்டுவதற்கான பட்டைகளை எந்தெந்த விளிம்பில் விடுவது? எப்போதும் ஒன்று கூடுகிறது, ஒன்று குறைகிறது.

இதற்கு அருமையான வழி ஒன்று உண்டு. வலையின் ஓரத்தில் ஏதோ ஒரு விளிம்பில் தொடங்கி, சுற்றிவரும்போது ஒன்று விட்டு ஒன்றுக்கு ஒட்டுப்பட்டை வையுங்கள். கனச்சதுர வலையின் ஓரத்தில் 14 விளிம்புகள், ஆகவே 7 பட்டைகள். இரண்டு சதுரங்களின் ஓரங்கள் ஒரே நேர்கோட்டில் வந்தாலும் அதை இரண்டு விளிம்புகளாகவே எண்ணவேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தவறும்.

இது தற்செயல் அல்ல. தட்டை முகங்களால் மூடிய திண்மத்தின் வலையில் ஜோடி விளிம்புகள் அடைப்புக்குறிகளைப் போல ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், குறுக்கே வெட்டிக்கொள்ளாது. எனவே எந்த ஜோடிக்கு நடுவிலும் இரட்டை எண்ணிக்கையில்தான் விளிம்புகள் இருக்கும். ஒன்று விட்டு ஒன்று போனால் ஒவ்வொரு ஜோடியிலும் சரியாக ஒன்றுக்குப் பட்டை கிடைத்துவிடும். பட்டை எண்ணிக்கையைச் சரிபார்க்க: வெட்டும் விளிம்புகள் = முனைகள் − 1, மடிக்கும் விளிம்புகள் = முகங்கள் − 1. கனச்சதுரத்தில் வெட்டு 7, மடிப்பு 5, கூட்டினால் 12 விளிம்புகள்.

பட்டையின் அகலம் 6 முதல் 8 மி.மீ. போதும். நுனிகளை 45 பாகையில் சரித்து வெட்டுங்கள். சமபக்க முக்கோண முகங்கள் என்றால் இன்னும் சரித்து, 30 பாகையில் வெட்டுவது நல்லது, இல்லையென்றால் உள்ளே பட்டைகள் ஒன்றோடொன்று மோதும். மூடிபோல அமையும் ஒரு முகத்தைக் கடைசிவரை ஒட்டாமல் வைத்திருங்கள், உள்ளே விரல் விட்டு மற்றவற்றை அழுத்த அதுதான் வழி.

8. முக்கோணப் பட்டகத்தில் முக்கோணம் வரைந்தேன், அளவெல்லாம் சரி, ஆனால் ஒரு பக்கம் மட்டும் சேரவில்லை. ஏன்?

பெரும்பாலும் ஒரு முக்கோணம் திரும்பி நிற்கும். 3, 4, 5 செ.மீ. பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணம் அடிப்பக்கம், பட்டகத்தின் நீளம் 8 செ.மீ. என்று வையுங்கள். 3, 4, 5 அகலமுள்ள மூன்று செவ்வகங்கள் வரிசையாக நிற்கும், மொத்தம் 12 × 8. நடுவில் உள்ள 4 செ.மீ. செவ்வகத்தின் மேலும் கீழும் முக்கோணங்கள். இடப்பக்கம் இருப்பது 3 செ.மீ. செவ்வகம். எனவே முக்கோணத்தின் 3 செ.மீ. பக்கம் இடப்பக்கம் வரவேண்டும். செங்கோணமும் அங்கேதான் வரும்.

கீழே உள்ள முக்கோணத்திலும் செங்கோணம் இடப்பக்கமே. மேலுள்ளதை அரைச் சுற்று சுழற்றிக் கீழே வரைந்தால் செங்கோணம் வலப்பக்கம் போய், 3 செ.மீ. பக்கம் 5 செ.மீ. செவ்வகத்தோடு சேரப் பார்க்கும். கேள்வி 1-இல் சொன்ன ஜோடி விதி அங்கே உடைகிறது. கீழ் முக்கோணம் மேல் முக்கோணத்தின் கண்ணாடிப் பிம்பமாக இருக்கவேண்டும். சமபக்க முக்கோணம் என்றால் எப்படி வைத்தாலும் சரியாக வந்துவிடும், அதனால்தான் இந்தத் தவறு பலருக்கு முதலில் பிடிபடுவதில்லை.

9. சதுரப் பிரமிடின் உயரம் 4 செ.மீ. என்று கொடுத்திருக்கிறார்கள். முக்கோணங்களின் உயரத்தையும் 4 என்று வைத்தேன். அளந்தால் பிரமிடு குட்டையாக இருக்கிறதே?

பிரமிடின் உயரம் அதன் வயிற்றுக்குள் போகும் கோடு. வலை என்பது மேற்பரப்பு மட்டுமே, ஆகவே அந்த உயரம் வலையில் எங்கும் வராது. வலையில் வருவது சாயுயரம்: உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் நடுப்புள்ளிவரை முகத்தின்மேல் இறங்கும் நீளம். அடிப்பக்கம் 6 செ.மீ., உயரம் 4 செ.மீ. என்றால் பக்கத்தின் பாதி 3; பிதாகரஸ் தேற்றப்படி சாயுயரம் √(3² + 4²) = 5 செ.மீ.

6 செ.மீ. சதுரம் வரைந்து, ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்தும் வெளியே 5 செ.மீ. செங்குத்துக்கோடு போட்டு, அதன் நுனியை இரண்டு மூலைகளோடும் இணையுங்கள். சாய்பக்கங்கள் ஒவ்வொன்றும் √34, அதாவது ஏறக்குறைய 5.8 செ.மீ. இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். நீங்கள் செய்தபடி 4 செ.மீ. வைத்தால் பிரமிடின் உயரம் √7, சுமார் 2.6 செ.மீ.தான் வரும். 3 செ.மீ. வைத்தால் நான்கு முக்கோணங்களும் சதுரத்தின்மேல் தட்டையாகப் படுத்துவிடும், பிரமிடே எழாது.

10. உருளையின் வலையில் செவ்வகத்தின் நீளம் எவ்வளவு?

அடிவட்டத்தின் சுற்றளவு. ஆரம் 3.5 செ.மீ. என்றால் 2 × 22/7 × 3.5 = 22 செ.மீ. விட்டமான 7-ஐ நீளமாகப் போட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. இங்கேயும் ஜோடி விதிதான்: செவ்வகத்தின் ஓரம் வட்டத்தின் ஓரத்தோடு முழுக்கச் சேரவேண்டும். வட்டங்கள் செவ்வகத்தை ஒரு புள்ளியில் தொட்டால் போதும், அந்தப் புள்ளி நீண்ட ஓரத்தில் எங்கும் இருக்கலாம்.

தடித்த அட்டையில் செய்யும்போது கணக்கு சரியாக இருந்தும் செவ்வகம் எட்டாமல் போகும். 1 மி.மீ. தடிமன் அட்டை 3.5 செ.மீ. ஆர வட்டத்தைச் சுற்றி வந்தால் அட்டையின் நடுப்பகுதியின் ஆரம் 3.55 செ.மீ. ஆகிறது, கூடுதலாக 3 மி.மீ. தேவை. ஒட்டுப்பட்டையை இதற்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11. கூம்பின் வளைபரப்பு முக்கோணமாகத்தானே தெரிகிறது? ஏன் வட்டத் துண்டு வரையச் சொல்கிறார்கள்?

பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணம் போலத் தெரியும். ஆனால் உச்சியிலிருந்து அடிவட்டத்தின் எந்தப் புள்ளிக்கும் ஒரே தூரம், அதுதான் சாயுயரம். ஒரு புள்ளியிலிருந்து சம தூரத்தில் இருப்பவை விரித்தால் வட்ட வில்லாகத்தான் விழும். எனவே வலை ஒரு வட்டக்கோணப்பகுதி, அதன் ஆரம் கூம்பின் சாயுயரம். முக்கோணம் வெட்டிச் சுருட்டினால் கூம்பின் வாய் ஒரே மட்டமாக அமையாது, மேசையில் நிற்காது.

கோணம் = 360 × அடி ஆரம் ÷ சாயுயரம். அடி ஆரம் 3, உயரம் 4 என்றால் சாயுயரம் 5, கோணம் 216 பாகை. அரைவட்டப் பாகைமானியில் 216 இல்லை என்று குழம்பவேண்டாம். 5 செ.மீ. ஆரத்தில் முழுவட்டம் வரைந்து, 144 பாகையை அளந்து வெட்டி எறியுங்கள். மீதி 216. வில்லின் ஒரு புள்ளியைத் தொடும்படி 3 செ.மீ. ஆர வட்டத்தை அடிக்கு வரையுங்கள். அரைவட்டத்தைச் சுருட்டினால் சாயுயரம் அடி ஆரத்தைப்போல இரு மடங்காக இருக்கும் கூம்பு கிடைக்கும், இது விரைவாகச் செய்து பார்க்க ஏற்றது.

12. வாளி மாதிரி இருக்கும் இடைக்கண்டத்துக்கு?

முழுக்கூம்பை வரைந்து நுனியை வெட்டுங்கள். பெரிய ஆரம் 6, சிறிய ஆரம் 3, உயரம் 4 செ.மீ. என்றால், ஆரங்களின் வித்தியாசம் 3 என்பதால் சாயுயரம் 5. முழுக்கூம்பின் சாயுயரம் 5 × 6 ÷ 3 = 10. கோணம் 360 × 6 ÷ 10 = 216 பாகை. ஒரே மையத்திலிருந்து 10 செ.மீ., 5 செ.மீ. ஆரங்களில் இரண்டு விற்கள் வரைந்து, நடுவிலுள்ள வளைந்த பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வட்டங்களையும் சேர்த்தால் வலை முழுமை.

13. வேறு வலை வரைந்தால் பரப்பளவு மாறுமா? சுற்றளவு?

பரப்பளவு மாறாது. வலையின் பரப்பளவுதான் திண்மத்தின் மொத்தப் புறப்பரப்பு. கேள்வி 6-இன் பெட்டிக்கு எந்த வலை வரைந்தாலும் 94 ச.செ.மீ. ஒட்டுப்பட்டைகளை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சுற்றளவு மாறலாம். கனச்சதுரத்துக்கு எந்த வலையானாலும் பக்கத்தைப்போல 14 மடங்குதான். ஆனால் 5, 4, 3 பெட்டிக்கு, நாம் வரைந்த வலையின் சுற்றளவு 50 செ.மீ., அதுவே மிகக் குறைவு. 3 செ.மீ. உயரப் பட்டையில் 5, 4, 5, 4 என்று அடுக்கி, 5 × 4 முகங்களை 4 செ.மீ. ஓரத்தில் ஒட்டினால் 62 செ.மீ. ஆகும். நீளமான விளிம்புகளை மடிப்பாக வைத்துக் குட்டையானவற்றை வெட்டினால் ஒட்டும் வேலை குறையும்.

14. பெட்டியின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு எறும்பு போகும் மிகக் குறுகிய வழி கேட்கிறார்கள். வலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எறும்பு மேற்பரப்பில்தான் நடக்கும். மேற்பரப்பை விரித்துவிட்டால் குறுகிய வழி நேர்கோடு, அவ்வளவுதான். ஆனால் எந்த இரண்டு முகங்களை விரிப்பது என்பதில் மூன்று வாய்ப்புகள் உண்டு. அதே 5, 4, 3 பெட்டியில் அவை √(5² + 7²) = √74, √(8² + 4²) = √80, √(9² + 3²) = √90. மிகச் சிறியது √74, சுமார் 8.6 செ.மீ. ஒரே ஒரு வலையை வரைந்து அதில் கிடைத்ததை விடையாக எழுதுவதுதான் இங்கே மதிப்பெண் போகும் இடம். சிறிய இரண்டு அளவுகளைக் கூட்டி ஒரு பக்கமாகவும், பெரிய அளவை மறுபக்கமாகவும் எடுத்தால் குறுகிய வழி கிடைக்கும்.

15. வலையில் படங்களைச் சரியாக வரைந்தேன். மடித்த பிறகு இடம் வலம் மாறி வந்தது. எங்கே தவறு?

மடித்த திசையில். வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி மடித்தால் ஓர் அமைப்பும், அதே வலையில் படங்கள் உள்ளே போகும்படி மடித்துப் பின்பக்கத்தில் படியெடுத்தால் அதன் கண்ணாடிப் பிம்பமும் கிடைக்கும். பகடையில் இது உண்மையான வித்தியாசம்: எதிர்முகக் கூடுதல் 7 என்ற விதியோடு இரண்டு வகைப் பகடைகள் சாத்தியம். ஒரு மூலையைப் பார்த்து 1, 2, 3 என்று சுற்றினால் ஒன்றில் வலஞ்சுழி, மற்றதில் இடஞ்சுழி. வலையின் ஒரு மூலையில் “இது வெளிப்பக்கம்” என்று பென்சிலால் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

16. கோளத்துக்கு வலை உண்டா?

சரியான வலை கிடையாது. கூம்பும் உருளையும் வளைந்தவையானாலும் நீட்டாமல் சுருக்காமல் தட்டையாக விரியும். கோளத்தின் மிகச் சிறிய துண்டுகூட அப்படி விரியாது. 1827-இல் கார்ல் ஃபிரெடரிக் காஸ் வெளியிட்ட தேற்றத்திலிருந்து இது கிடைக்கிறது: நீட்டாமல் வளைத்தால் பரப்பின் உள்வளைவு (பரப்பின்மேலேயே அளந்து அறியக்கூடிய வளைவு) மாறாது, தாளுக்கு அது பூஜ்யம், கோளத்துக்குப் பூஜ்யம் அல்ல.

தோராயமாகச் செய்யலாம். இரு நுனியும் கூர்மையான ஓடம் போன்ற துண்டுகளை வரிசையாக ஒட்டிக் கோளத்தைப் போர்த்துவார்கள். 1507-இல் மார்ட்டின் வால்ட்சீமுல்லர் அச்சிட்ட பூமி உருண்டை வரைபடம் இப்படி 12 துண்டுகள் கொண்டது. துண்டுகள் கூடக் கூடச் சுருக்கம் குறையும்.

17. தட்டையான முகங்கள் மட்டுமே உள்ள எந்த உருவத்துக்கும் வலை கட்டாயம் இருக்குமா?

உள்நோக்கிக் குழிந்த உருவங்களில் சிலவற்றுக்கு, விளிம்புகளை மட்டும் வெட்டி எப்படி விரித்தாலும் முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், வலையே இல்லை. குழிவில்லாத உருவங்களுக்கு எப்போதும் ஒரு வலையாவது உண்டா என்ற கேள்விக்கு இன்றுவரை நிரூபணமும் இல்லை, மறுப்பு உதாரணமும் இல்லை. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-லேயே பல திண்மங்களின் வலைகளை வரைந்து அச்சிட்டிருக்கிறார். ஜெஃப்ரி ஷெப்பர்ட் 1975-இல் இந்தக் கேள்வியைக் கணிதமாக வகுத்துக் கேட்டார்.

நமக்குப் பழக்கமான உருவங்களில் கவலையில்லை. ஒழுங்கு நான்முகிக்கு 2 வலைகள், எண்முகிக்கு 11, பன்னிரண்டு முகிக்கும் இருபது முகிக்கும் தலா 43,380. ஆனால் மற்ற உருவங்களில் ஒரு எச்சரிக்கை: குழிவில்லாத உருவத்திலேயே கூட, மெல்லிய, நீண்ட முகங்கள் இருந்தால் தவறான விளிம்புகளை வெட்டி விரிக்கும்போது முகங்கள் ஏறிக்கொள்ளும். அப்போது உருவத்துக்கு வலை இல்லை என்று முடிவு கட்டாமல், ஏறிய முகத்தை அவிழ்த்து அதன் இன்னொரு ஜோடி விளிம்பில் ஒட்டிப் பாருங்கள்.